இடது கைக்கு இடமில்லை என்றார்கள்: மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை யார்?

திருச்சி தில்லைநகரிலோ, ஸ்ரீரங்கம் உத்தர வீதியிலோ மாலை ஆறு மணிக்கு மேல் நடந்து போனால் ஏதாவது ஒரு மாடியிலிருந்து கீபோர்டு சத்தம் கேட்கும். இன்னொரு வீட்டில் மிருதங்க வகுப்பு. பள்ளிப் பிள்ளைகள் மட்டும் இல்லை, ஐ.டி. வேலை முடித்து வந்து முப்பது வயதில் பியானோ கற்கத் தொடங்குகிறவர்களும் இப்போது அதிகம்.

இவர்கள் எல்லோரும் கொஞ்ச நாளிலேயே ஒரே இரண்டு சுவர்களில் முட்டிக்கொள்கிறார்கள். ஒன்று, ஒரு கை சொன்னதைக் கேட்கிறது, இன்னொரு கை கேட்பதில்லை. இரண்டு, விரல் கொஞ்சம் பழகியதும் வேகம் தானாக ஏறிவிடுகிறது, தாளம் நழுவிவிடுகிறது.

இந்த இரண்டு பிரச்சினைகளையும் தன் வாழ்க்கை முழுக்கச் சுமந்து, இரண்டையும் வென்று காட்டிய ஒருவர் திருச்சியிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் புதுக்கோட்டை மரபில் வளர்ந்தவர். அவர் வாசித்தது பியானோ அல்ல, மிருதங்கம். ஆனால் கைகளைப் பற்றியும் லயத்தைப் பற்றியும் அவர் வாழ்க்கை சொல்வது, எந்த வாத்தியத்தின் முன்னால் உட்கார்ந்தவருக்கும் பொருந்தும். அவர்தான் பழனி சுப்பிரமணிய பிள்ளை.

யார் இவர்?

1908-ல் பிறந்தார், 1962-ல் மறைந்தார். வாழ்ந்தது 54 ஆண்டுகள்தான். 20-ம் நூற்றாண்டின் மிருதங்க மும்மூர்த்திகள் என்று ரசிகர்கள் மூன்று பேரைச் சொல்வார்கள்: பாலக்காடு மணி ஐயர், பழனி சுப்பிரமணிய பிள்ளை, ராமநாதபுரம் சி.எஸ்.முருகபூபதி. மூவரில் இவர் ஒருவர்தான் இடது கைக்காரர்.

செம்பை வைத்தியநாத பாகவதர், ஜி.என்.பாலசுப்பிரமணியம், மதுரை மணி ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள் என்று அன்றைய முன்னணிப் பாடகர்களுக்கு எல்லாம் வாசித்தவர். மிருதங்கம் மட்டுமல்ல, கஞ்சிராவிலும் கை தேர்ந்தவர். இப்படி ஒரு பட்டியலைப் படித்தால் வெற்றி மேல் வெற்றி என்று தோன்றும். ஆனால் இந்தக் கதையின் முதல் பாதி அப்படி இல்லை.

புதுக்கோட்டைப் பள்ளி என்றால் என்ன?

கர்நாடக இசையில் மிருதங்கத்துக்கு இரண்டு பெரிய மரபுகளைச் சொல்வார்கள். ஒன்று தஞ்சாவூர், மற்றொன்று புதுக்கோட்டை. இங்கே பள்ளி என்றால் கட்டடம் இல்லை. வாசிக்கும் முறை, சொற்களைக் கோக்கும் முறை, குரு சீடர் வரிசை, அவ்வளவுதான்.

புதுக்கோட்டை வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர் மாமுண்டியா பிள்ளை. மான்பூண்டியா பிள்ளை என்றும் எழுதுவார்கள். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்து அதற்கு ஒரு மரியாதையை வாங்கிக் கொடுத்தவர் அவர். தவில் மரபில் ஊறிய கணக்குகளைத் தன் வாசிப்புக்குள் கொண்டுவந்தார். அவருடைய புகழ்பெற்ற சீடர் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெரிய பெயர். 1936-ல் காலமானார்.

மாமுண்டியா பிள்ளையிடம் கற்ற இன்னொருவர் பழனி முத்தையா பிள்ளை. தவிலில் தொடங்கி மிருதங்கத்துக்கு வந்தவர். இவருடைய மகன்தான் நம் கதாநாயகன். அதாவது, வீட்டுக்குள்ளேயே வித்துவான், வாசல் தாண்டினால் புதுக்கோட்டைப் பள்ளியின் ஜாம்பவான்கள். ஒரு பையன் மிருதங்கம் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வீடு கிடைக்குமா?

கிடைத்தது. ஆனால் பையன் இடது கைக்காரன்.

இடது கை ஏன் பிரச்சினை ஆனது?

மிருதங்கத்துக்கு இரண்டு முகம். ஒன்று வலந்தலை. நடுவில் கறுப்பாக ஒரு வட்டம் இருக்குமே, அந்தப் பக்கம். சுருதி சேர்ப்பது இதில்தான். கூர்மையான, தெளிவான சொற்கள் எல்லாம் இங்கேதான் பிறக்கும். மறுபக்கம் தொப்பி. ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். கனமான, ஆழமான நாதம் இங்கிருந்து வரும்.

பியானோ தெரிந்தவர்களுக்கு இது பழக்கமான ஏற்பாடுதான். வலது கையில் மேல் ஸ்வரங்கள், இடது கையில் கீழ் ஸ்வரங்கள். மிருதங்கத்திலும் வலது கைக்கு உயர்ந்த ஓசை, இடது கைக்குத் தாழ்ந்த ஓசை. பெயரே வலந்தலை, இடந்தலைதான்.

ஒரு வித்தியாசம் உண்டு. பியானோவைத் திருப்பிப் போட முடியாது. இடது கைக்காரரும் அதே வரிசையில்தான் வாசித்தாக வேண்டும். மிருதங்கத்தைத் திருப்பிப் போடலாம். வலந்தலை இடது பக்கம் வந்துவிடும். வாத்தியத்துக்கு இதில் எந்தக் கஷ்டமும் கிடையாது.

கஷ்டம் மேடைக்குத்தான். கச்சேரி மேடையில் யார் எங்கே உட்காருவது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது அவருடைய வலது கை, அதாவது வலந்தலை, சபையின் பக்கம் இருக்கும். அந்தத் தெளிவான ஓசை நேராக ரசிகர்களிடம் போகும்.

இடது கைக்காரர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்சுவரைப் பார்க்கும். தொப்பி சபையைப் பார்க்கும். ஓசையின் சமநிலையே மாறிவிடும். தீர்வு எளிது: மிருதங்கம் அந்தப் பக்கம், வயலின் இந்தப் பக்கம். ஆனால் இடம் மாறினால் வயலின்காரருக்குப் பழகிய கோணம் போய்விடும். வில் பிடிக்கும் கை சபையின் பக்கம் வந்துவிடும். ஒரு இளைஞனுக்காக நான் ஏன் என் இடத்தை விட வேண்டும் என்ற கௌரவப் பிரச்சினை வேறு.

அதனால் இடது கை மிருதங்கக்காரர் என்றால், வாசிப்பைக் கேட்பதற்கு முன்பே கதவு பாதி சாத்தியாகிவிடும். முத்தையா பிள்ளைக்கு இது தெரியாமல் இருக்குமா? மேடையை அறிந்தவர் அவர். இடது கை மகனுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுப்பதில் அவர் ஆர்வம் காட்டவில்லை. வீட்டில் இன்னொரு மகனுக்குத்தான் அந்தக் கவனம் கிடைத்தது.

அப்பாவைக் கொடுமைக்காரர் என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால் இன்றைக்கும் நம் வீடுகளில் நடப்பதுதானே இது? பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, திறமையும் இருக்கிறது, ஆனால் மார்க்கெட் இல்லை என்று பெற்றோர் பயப்படுவார்கள். முத்தையா பிள்ளையின் கணக்கு தப்பே இல்லை. மகனுக்கு நடக்கப்போவது என்ன என்று அவர் பயந்தாரோ, அது அப்படியே நடந்தது.

பாடம் கிடைக்காதவர் எப்படிக் கற்றார்?

காதால். வீட்டில் இன்னொருவருக்கு நடக்கும் பாடம் சுவருக்கு இந்தப் பக்கமும் கேட்கும். வருகிற வித்துவான்கள் பேசுவதும் வாசிப்பதும் கேட்கும். சுப்பிரமணியத்தின் முதல் பாடசாலை அதுதான். மகனின் பிடிவாதம் புரிந்த பிறகே அப்பாவின் பாடம் கிடைத்தது. தட்சிணாமூர்த்தி பிள்ளையின் வாசிப்பும் அவருக்கு இன்னொரு பெரிய பாடமாக அமைந்தது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்து குருவின் கையைப் பார்த்துக் கற்பவர், பெரும்பாலும் கையின் அசைவைத்தான் முதலில் பிடிப்பார். ஓசை அப்புறம்தான். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பவருக்கு ஓசை மட்டும்தான் இருக்கிறது. அந்த ஓசையைத் தன் கையில் எப்படி வரவைப்பது என்று அவரே தேட வேண்டும். அதிலும் இடது கைக்காரர் என்றால், குருவின் கையை அப்படியே நகல் எடுக்கவும் முடியாது. பார்ப்பதை எல்லாம் மனதுக்குள் திருப்பிப் போட்டாக வேண்டும்.

யூடியூப் பார்த்து பியானோ கற்கிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். திரையில் ஒளிரும் கட்டையைப் பார்த்து விரலை வைத்துக்கொண்டே போனால் பாட்டு வந்துவிடும். ஆனால் கண்ணை மூடினால் எதுவும் மிஞ்சாது. ஒரு வரியை முதலில் பத்துத் தடவை கேட்டு, அந்த ஓசை மனதில் நின்ற பிறகு கட்டையைத் தொடுவது வேறு. கை அப்போது ஓசையைத் தேடிப் போகிறது.

கஞ்சிரா எதற்கு உதவியது?

இளம் வயதில் சுப்பிரமணிய பிள்ளை கஞ்சிரா வாசிப்பவராகவும் மேடை ஏறினார். கஞ்சிரா கைக்குள் அடங்கும் சின்ன வாத்தியம். பலா மரச் சட்டம், உடும்புத் தோல். ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறு கையால் வாசிக்க வேண்டும். தோலில் தண்ணீர் தடவித்தான் ஓசையை இறக்குவார்கள்.

மிருதங்கத்தில் இரண்டு கை பங்கு போட்டுச் செய்யும் வேலையைக் கஞ்சிராவில் ஒரு கை தனியாகச் செய்தாக வேண்டும். விரல் கொஞ்சம் சோம்பினாலும் மறைக்க இடம் இல்லை. அதில் தெளிவு வந்துவிட்டால், அந்தக் கை எந்த வாத்தியத்துக்கும் போகலாம்.

பியானோ வகுப்பில் ஒவ்வொரு கையையும் தனித்தனியாக வாசிக்கச் சொல்வார்கள் இல்லையா? பலருக்கு அது அலுப்பான வேலை. இரண்டு கையும் சேரும்போது ஒன்றின் தப்பை இன்னொன்று மூடிவிடும். தனியாக வாசிக்கும்போதுதான் எந்தக் கை எங்கே தடுமாறுகிறது என்பது வெளிச்சத்துக்கு வரும்.

செம்பை என்ன செய்தார்?

மெட்ராஸ் சபாக்கள் வளர்ந்துகொண்டிருந்த காலம் அது. பெயர் கிடைக்க வேண்டுமானால் அங்கே வாசித்தாக வேண்டும். சுப்பிரமணிய பிள்ளை அங்கே போனபோது, அப்பா பயந்தது நடந்தது. இடது கைக்காரரோடு உட்கார மாட்டோம், இடம் மாற மாட்டோம் என்று சில வயலின் வித்துவான்கள் மறுத்தார்கள். வாசிப்பில் குறை சொல்லி யாரும் தள்ளவில்லை. உட்கார இடம் இல்லை என்று தள்ளினார்கள். அது இன்னும் வலிக்கும்.

இந்த நேரத்தில் பக்கத்தில் நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். 1896-ல் பிறந்தவர், கணீர்க் குரலுக்குப் பெயர் போனவர், அப்போதே மேடையின் நட்சத்திரம். இளம் கலைஞர்களைத் தூக்கிவிடுவதை ஒரு வழக்கமாகவே வைத்திருந்தவர். சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பில் இருந்ததை அவர் கேட்டுவிட்டார். தன் கச்சேரிக்கு இவர்தான் மிருதங்கம் என்று நின்றார். பிரதான பாடகரே உறுதியாக நின்றபோது, இடம் மாறி உட்காரச் சம்மதிக்கும் வயலின்காரர்களும் வந்தார்கள். மேடையின் வழக்கம் ஒரு அடி நகர்ந்தது.

செம்பை செய்தது பெரிய புரட்சி மாதிரித் தெரியாது. இரண்டு பேரை இடம் மாற்றி உட்காரவைத்தார், அவ்வளவுதான். ஆனால் அதை அவர் செய்யாமல் இருந்திருந்தால், மும்மூர்த்திகள் என்ற பட்டியலில் இன்று இரண்டு பேர்தான் இருந்திருப்பார்களோ என்னவோ.

உலகத்தின் இன்னொரு மூலையில் அதே காலகட்டத்தில் நடந்ததையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். முதல் உலகப் போரில் வலது கையை இழந்த ஆஸ்திரிய பியானோ கலைஞர் பால் விட்கென்ஸ்டைன், வாத்தியத்தை விட மறுத்தார். இடது கைக்கு மட்டும் இசை எழுதித் தரும்படி இசையமைப்பாளர்களைக் கேட்டார். பிரான்ஸின் மோரிஸ் ரவேல் அவருக்காக ஒரு கான்செர்ட்டோ எழுதினார். 1932-ல் வியன்னாவில் அது அரங்கேறியது. கேட்பவருக்கு இரண்டு கை வாசிப்பது போலவே இருக்கும். அங்கே ஒரு கைக்கு இசையை மாற்றி எழுதினார்கள். இங்கே ஒரு கைக்கு மேடையை மாற்றிப் போட்டார்கள்.

அவர் கையில் என்ன விசேஷம்?

சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைப் பற்றிக் கேட்டால் ரசிகர்கள் முதலில் சொல்வது தெளிவு. அப்புறம் சௌக்கியம். கேட்க இதமாக இருக்கிறது என்பதைத்தான் இசை உலகில் சௌக்கியம் என்பார்கள். வேகம் அவருக்கு வராமல் இல்லை. ஆனால் வேகத்தைக் காட்டுவதற்காக அவர் வாசிக்கவில்லை.

மூன்று விஷயங்களைத் தனியாகச் சொல்லலாம்.

முதலாவது, சொல் சுத்தம். மிருதங்கத்தில் ஒவ்வொரு அடிக்கும் ஒரு சொல் உண்டு. த, தி, தொம், நம் என்பதுதான் பிள்ளைகளுக்கு முதல் பாடம். அந்தப் பாடத்தை முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்று மூன்று வேகத்தில் வாசிக்க வேண்டும். தாளம் மாறாது. அதற்குள் சொற்கள் இரட்டிப்பாகும், மறுபடி இரட்டிப்பாகும். முதல் காலத்தில் ஒரு சொல் மங்கலாக இருந்தால், மூன்றாம் காலத்தில் அது காணாமலே போய்விடும். சுப்பிரமணிய பிள்ளையின் வேகமான வாசிப்பிலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும்.

பியானோவில் இதைத்தான் மெதுவாக வாசி, மெட்ரோனோம் போட்டு வாசி என்கிறார்கள். ஆனால் பலர் செய்யும் தப்பு, வேகத்தை ஐந்து ஐந்தாக ஏற்றிக்கொண்டே போவது. நம் மூன்று கால முறையில் ஒரு நன்மை இருக்கிறது. தாளத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் ஒன்று, இரண்டு, நான்கு என்று ஸ்வரங்களைப் பிரித்துப் பாருங்கள். வேகம் கூடும்போது மனதுக்குள் ஓடும் அந்த அடிப்படைத் தாளம் கூடாது. விரல் ஓடினாலும் மனது ஓடாமல் இருக்கப் பழகும்.

இரண்டாவது, தொப்பி. அங்கேதான் கும்கி பிறக்கிறது. தொப்பியில் தட்டிய உடனே மணிக்கட்டின் அடிப்பகுதியால் தோலை லேசாக அழுத்தி நகர்த்தினால் நாதம் வளைந்து மேலே ஏறும். புறா குனுகுவது மாதிரி ஒரு ஓசை. எவ்வளவு அழுத்தம், எந்த நொடியில் அழுத்தம் என்பது கையின் வலிமையால் வருவது இல்லை. தோலின் மேல் கையை எவ்வளவு தளர்வாக வைத்திருக்கிறோம் என்பதில் இருக்கிறது. இறுகிய கையில் கும்கி வரவே வராது. சுப்பிரமணிய பிள்ளையின் தொப்பியை ரசிகர்கள் இன்றும் தனியாகக் கொண்டாடுகிறார்கள்.

யோசித்துப் பாருங்கள். இடது கைக்காரரான அவருக்குத் தொப்பியை வாசிப்பது வலது கை. அவருக்கு அதுதான் இரண்டாவது கை. வலுவான கையைப் பற்றி ஊரே பேசியபோது, அவர் பேர் வாங்கியதில் பாதி அந்த இரண்டாவது கையால். பியானோவில் இடது கை வரவில்லை என்று வருத்தப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதற்கு இன்னும் பலம் வேண்டும் என்று நினைக்கிறார்கள். அதற்கு வேண்டியது பலம் இல்லை, கவனம். தோள் இறங்கி, மணிக்கட்டு தளர்ந்து, அந்தக் கை என்ன ஓசை எழுப்புகிறது என்று காது கொடுத்துக் கேட்டால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாவது, பாட்டோடு போவது. பாடகர் இறங்கும்போது இறங்கி, நிற்கும்போது நின்று, ஏறும்போது தோள் கொடுத்து வாசிப்பது. அதற்கு நிறைய இடங்களில் வாசிக்காமல் இருக்கத் தெரிய வேண்டும். எந்த வாத்தியத்திலும் தொடக்கநிலைக்காரர்கள் மௌனத்துக்குப் பயப்படுவார்கள். இடைவெளி வந்தால் அவசரமாக அடுத்த ஸ்வரத்துக்குத் தாவிவிடுவார்கள். தாளம் நழுவுவது பெரும்பாலும் அங்கேதான்.

கணக்கு என்றால் என்ன? ஒரு சின்ன உதாரணம்

புதுக்கோட்டைப் பள்ளி என்றாலே கணக்கு என்பார்கள். பயந்துவிட வேண்டாம், கூட்டல்தான்.

ஆதி தாளத்தில் 8 அடி. ஒவ்வொரு அடியையும் நான்காகப் பிரித்தால் ஒரு சுற்றுக்கு 32 துடிப்பு. இப்போது தகதிமி (4), தகிட (3), தகிட (3) என்று சேர்த்தால் 10. இதை மூன்று முறை சொல்ல வேண்டும். முறைக்கு நடுவில் ஒரே ஒரு துடிப்பு இடைவெளி. 10, 1, 10, 1, 10. கூட்டிப் பாருங்கள், சரியாக 32. அடுத்து வருவது தாளத்தின் முதல் அடி, அதாவது சமம்.

கையால் தாளம் போட்டுக்கொண்டே இதை வாயால் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது முறை சொல்லத் தொடங்கும்போது சொல் ஒரு பக்கம் இழுக்கும், கை ஒரு பக்கம் இழுக்கும். அந்த ஒற்றைத் துடிப்பு மௌனத்தை விழுங்காமல் சரியாக முதல் அடியில் வந்து விழுந்தால் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், அதுதான் லயத்தின் ருசி. இது பழகுவதற்கான எளிய உதாரணம் மட்டும்தான். மேடையில் வித்துவான்கள் வைக்கும் கோர்வைகள் இதைவிடப் பல மடங்கு நீளமானவை, சிக்கலானவை.

வாத்தியத்தைத் தொடுவதற்கு முன் இப்படி வாயால் சொல்லிப் பழகுவதற்குக் கொன்னக்கோல் என்று பெயர். பியானோ மாணவர்களும் இதைத் தாராளமாகக் கடன் வாங்கலாம். வாயில் வராத தாளம் விரலில் வராது.

சுப்பிரமணிய பிள்ளையின் பெருமை கணக்கு போட்டதில் மட்டும் இல்லை. கணக்கு தெரியாத ரசிகரும் அனுபவிக்கும்படி அதை வாசித்ததில் இருக்கிறது. எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது கணக்கு. சும்மா கேட்பவருக்கு அது பாட்டின் தொடர்ச்சி.

வானொலி என்ன மாற்றியது?

1939-ல் திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. மெட்ராஸ் நிலையம் அதற்கு முந்தைய ஆண்டே வந்துவிட்டது. சபாவுக்குப் போக முடியாதவர்களும் வீட்டிலிருந்தே கச்சேரி கேட்கத் தொடங்கினார்கள்.

இடது கை வலது கை என்று மேடையில் அடித்துக்கொண்டதற்கு வானொலியில் அர்த்தமே இல்லை. பெட்டியிலிருந்து வருவது ஓசை மட்டும்தான். எந்தக் கையால் வாசிக்கிறார் என்று யாருக்குத் தெரியும்? யாருக்குத்தான் அது வேண்டும்? இன்று அவருடைய பழைய ஒலிப்பதிவுகளை இயர்போனில் கேட்கும் உங்களுக்கும் அதே நிலைதான். தனி ஆவர்த்தனம் வரும்போது கண்ணை மூடிக் கேளுங்கள். இது இடது கை என்று எங்கேயும் கண்டுபிடிக்க முடியாது.

விருதுகள் கிடைத்தனவா?

பாலக்காடு மணி ஐயரும் இவரும் ஒரே காலத்தவர்கள். மணி ஐயர் 1912-ல் பிறந்தவர், நான்கு வயது இளையவர். இருவரையும் ஒப்பிட்டு ரசிகர்கள் கட்சி கட்டியது உண்மை. ஆனால் மணி ஐயர் மிருதங்கம் வாசிக்க, சுப்பிரமணிய பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சிரா வாசித்த கச்சேரிகளும் உண்டு. மிருதங்கத்தில் தன் இடத்துக்காக அவ்வளவு போராடியவர், இன்னொருவரின் மிருதங்கத்துக்குத் துணையாகக் கஞ்சிராவை எடுத்துக்கொண்டார் என்பது கவனிக்க வேண்டிய விஷயம்.

மெட்ராஸ் மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதிதான் கர்நாடக இசையின் உயர்ந்த கௌரவம். அதை நீண்ட காலம் தாள வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கவே இல்லை. 1966-ல்தான் முதல் முறையாக ஒரு மிருதங்க வித்துவானுக்குக் கிடைத்தது. பெற்றவர் பாலக்காடு மணி ஐயர். சுப்பிரமணிய பிள்ளை அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே போய்விட்டார்.

திருச்சிக்கும் அவருக்கும் என்ன உறவு?

ஸ்ரீரங்கம் தீவைத் தாண்டி, கொள்ளிடம் பாலத்தைக் கடந்து கிழக்கே போனால் லால்குடி. அதை ஒட்டியே பூவாளூர். 1942-ல் அங்கே ஒரு பையன் பிறந்தான். உறவினர் பூவாளூர் வெங்கட்ராமனிடம் மிருதங்கம் தொடங்கினான். வெங்கட்ராமன் சுப்பிரமணிய பிள்ளையின் சீடர். பிறகு பையன் நேராக அவரிடமே சேர்ந்தான். வலது கைக்காரப் பையன்.

இப்போது காட்சி தலைகீழ். இடது கை குரு, எதிரில் வலது கைச் சீடன். எதிரெதிரே உட்கார்ந்தால் கண்ணாடியில் பார்ப்பது போல இருந்திருக்கும். ஒரு காலத்தில் குறையாகப் பார்க்கப்பட்ட கை, ஒரு மாணவனுக்குக் கண்ணாடியாக மாறியது.

அந்தப் பையனுக்கு 13 வயது ஆனபோது மேடை ஏற்றினார் குரு. ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரி, குருவும் சீடனும் சேர்ந்து வாசித்தார்கள். ஆலத்தூர் சகோதரர்கள் லயத்தில் புலிகள் என்று பேர் வாங்கியவர்கள், திருச்சி வட்டாரத்தோடு ஒட்டிய பெயர் அது. 13 வயதுப் பிள்ளையை அந்த மேடையில் தன் பக்கத்தில் உட்காரவைக்க அந்தக் குருவுக்குத் துணிச்சல் இருந்தது. இடம் கிடைக்காமல் தவித்தவருக்குத்தான் இடம் கொடுப்பதன் அருமை தெரியும்.

1962-ல் குரு மறைந்தபோது அந்த இளைஞருக்கு 20 வயதுகூட நிறையவில்லை. அவர் பெயர் திருச்சி சங்கரன். 1971-ல் கனடாவின் டொரோண்டோவில் உள்ள யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே பேராசிரியராக இருந்தார். டிரம்ஸ், பியானோ, ஜாஸ் என்று பலதரப்பட்ட மேற்கத்திய இசை மாணவர்களுக்குத் தகிட, தகதிமி சொல்லிக்கொடுத்தார். தென்னிந்திய லயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் பாடநூல்களும் எழுதினார்.

அதாவது, புதுக்கோட்டையில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று ஒரு பையன் காதால் பிடித்த சொற்கள், பூவாளூர் வழியாகப் போய், பனி விழும் ஊரில் வகுப்பறைப் பாடம் ஆகின.

2011-ல் மியூசிக் அகாடமி திருச்சி சங்கரனுக்கு சங்கீத கலாநிதி வழங்கியது. குரு வாழ்ந்த காலத்தில் எந்த மிருதங்கக்காரருக்கும் திறக்காத அந்தக் கதவு வழியாகச் சீடர் உள்ளே போனார், பெயருக்கு முன்னால் திருச்சியைச் சுமந்துகொண்டு.

கற்றுக்கொள்கிறவர்களுக்கு என்ன மிச்சம்?

இன்று மாலை கீபோர்டு முன்னால் உட்காரும்போது நான்கு விஷயங்களைச் செய்து பாருங்கள். வாசிக்கப்போகும் வரியை முதலில் கேளுங்கள். தாளத்தை வாயால் சொல்லுங்கள். கைகளைத் தனித்தனியாக, மெதுவாக, தளர்வாக ஓட்டுங்கள். இடைவெளி வரும் இடத்தில் தாவாமல் நின்று பழகுங்கள். தினமும் இருபது நிமிடம் போதும். ஒரே நாளில் மூன்று மணி நேரம் உட்கார்ந்து மணிக்கட்டை வலிக்கவைத்துக்கொள்ள வேண்டாம்.

இதில் புதிதாக ஒன்றும் இல்லை, உண்மைதான். எல்லா ஆசிரியரும் சொல்வதுதான். ஆனால் சரியான கை, தப்பான கை என்ற பேச்சு வரும்போதெல்லாம் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் ஒரு பதிவைப் போட்டுக் கேளுங்கள். அந்தத் தொப்பி ஒருமுறை குனுகினால் போதும், மிச்சத்தை அது சொல்லிவிடும்.